கையெழுத்துப் போட்டது நீங்களும்தான்

அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றங்களில் அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் வழக்கறிஞர்களுக்கு,

என் தம்பி குற்றம் செய்தவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நாலு வரி படித்ததும் "செய்வதையும் செய்துவிட்டு இப்போது என்ன பேச்சு" என்று உங்களுக்குத் தோன்றும். மருத்துவக் காப்பீட்டுக் கணக்குகளைத் தயாரித்து அனுப்பும் ஒரு சின்ன அலுவலகத்தில் அவன் வேலை பார்த்தான். நடக்காத சிகிச்சைக்குப் பணம் கேட்ட படிவங்களில், அது பொய் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டான். அதை அவனும் மறுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை. நான் எழுத வந்தது, குற்றத்தை ஒப்புக்கொள்வதாக உங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அவன் போட்ட இன்னொரு கையெழுத்தைப் பற்றி. அந்தத் தாளில் அவன் பெயருக்குக் கீழே உங்கள் தரப்பு வழக்கறிஞரின் கையெழுத்தும் இருக்கிறது.

இந்த மடலை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று கேட்கலாம். அந்த ஒப்பந்தம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தமிழில்தான் படிக்கப்பட்டது. நீதிமன்றத்துக்குள் மொழிபெயர்ப்பாளர் தர 1978-லேயே சட்டம் போட்டுவிட்டீர்கள், நல்லது. ஆனால் கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று ஒரு குடும்பம் முடிவெடுப்பது நீதிமன்றத்துக்கு வெளியே, இரவு பதினொரு மணிக்கு. அன்றைக்கு எங்கள் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளர் நான்தான். இப்போது நான் சொல்வதை மொழிபெயர்த்துக் கொள்வது உங்கள் முறை.

தாளில் இருந்த கணக்கு இது. தண்டனை வழிகாட்டிப்படி அவன் குற்றத்தின் நிலை 18. முன்பு எந்தக் குற்றமும் இல்லாதவனுக்கு அது 27 முதல் 33 மாதச் சிறை. காலத்தோடு குற்றத்தை ஒப்புக்கொண்டால் மூன்று நிலை குறையும். 15-க்கு வந்தால் 18 முதல் 24 மாதம். அந்த வரம்பின் அடிமட்டத்தை, அதாவது 18 மாதத்தை, அரசுத் தரப்பு நீதிபதியிடம் பரிந்துரைக்கும் என்று எழுதியிருந்தது. பதிலுக்கு அவன் ஜூரி விசாரணையை விடவேண்டும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமையை விடவேண்டும், வாய் திறக்காமல் இருக்கும் உரிமையை விடவேண்டும், மேல்முறையீட்டையும் பெரும்பாலும் விடவேண்டும்.

"பரிந்துரைப்பது" என்ற சொல்லில்தான் அம்மா நின்றார். "பரிந்துரைன்னா என்னடி? சிபாரிசா? குடுத்த வாக்கா?" என்றார். நான் பொறுப்பாகத்தான் விளக்கினேன். தண்டனை நீதிபதியின் கையில் இருக்கிறது, அவர் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம், ஏற்காவிட்டாலும் தம்பி தன் ஒப்புதலைத் திரும்ப வாங்கமுடியாது. ஆனால் அரசு வக்கீல் நம் பக்கம் நின்று இதைக் கேட்பார், அந்த அளவுக்கு அது வாக்குதான் என்றேன். அம்மா "அப்போ போடச் சொல்லு" என்றார். நான் சொன்னதில் பாதி பொய்யாகிவிட்டது. அந்தப் பாதி நீதிபதியைப் பற்றியது இல்லை.

ஒப்புதல் நாளன்று நீதிபதி விதிப்படி கேட்டார்: இந்த ஒப்பந்தத்தில் இருப்பதைத் தவிர வேறு ஏதாவது வாக்குறுதியை நம்பி ஒப்புக்கொள்கிறீர்களா? தம்பி "இல்லை" என்றான். அது உண்மை. ஒப்பந்தத்தில் இருந்ததை மட்டும்தான் அவன் நம்பினான்.

தண்டனை அறிவிக்கும் நாள் வர ஏழு மாதம் ஆனது. அதற்குள் ஒப்பந்தம் பேசிய வழக்கறிஞர் வேறு பிரிவுக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் எங்களுக்கு முகம் தெரியாதவர். எழுந்தார். அலுவலகம் எத்தனை ஆண்டு ஏமாற்றியது என்று தொடங்கி, இது நம்பிக்கைத் துரோகத்தின் உச்சம், பேராசை, இந்தத் தொழிலில் இருக்கும் மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கவேண்டும் என்று ஏறக்குறைய இருபது நிமிடம் பேசினார். ஒரு மின்னஞ்சலைப் பெரிதாக அச்சிட்டு வந்து காட்டினார். 18 மாதம் ஏன் போதும் என்பதற்கு ஒரு வரி இல்லை. கடைசியில், உட்காருவதற்கு முன்னால், "ஒப்பந்தப்படி அரசு 18 மாதத்தைப் பரிந்துரைக்கிறது" என்றார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள் சொன்னதையெல்லாம் கேட்டபின் 18 எப்படிப் போதும் என்று எனக்குப் புரியவில்லையே?" என்று கேட்டார்.

"ஒப்பந்தம் எங்களைக் கட்டிப்போட்டிருக்கிறது, மாண்புமிகு நீதிபதி அவர்களே."

அந்த ஒரு வரியை நான் இன்றைக்கும் அப்படியே ஒப்பிப்பேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று எங்கள் ஊர்ப்பக்கம் சொல்வார்கள். இங்கே தொட்டிலைக்கூட யாரும் ஒழுங்காக ஆட்டவில்லை. தீர்ப்பு 24 மாதம். வரம்பின் உச்சி.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறதா என்று தேடிப் படித்தேன். நான் வக்கீல் இல்லை, மருந்தகத்தில் வேலை பார்ப்பவள். ஆனாலும் 1971-ல் உங்கள் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படித்தால் யாருக்கும் புரியும். நியூயார்க்கில் சான்டோபெல்லோ என்பவர் மீது 1969-ல் சூதாட்டம் தொடர்பாக இரண்டு பெரிய குற்றச்சாட்டுகள். சிறிய குற்றம் ஒன்றை அவர் ஒப்புக்கொண்டால் தண்டனையைப் பற்றி எந்தப் பரிந்துரையும் செய்யமாட்டோம் என்று அரசுத் தரப்பு ஒத்துக்கொண்டது. தண்டனை நாள் தள்ளித் தள்ளிப் போனது. ஜனவரி 1970-ல் வேறொரு வழக்கறிஞர் வந்து நின்று, முன்னவர் கொடுத்த வாக்கு தெரியாமல், அதிகபட்சமான ஓராண்டைக் கேட்டார். அதுவே கிடைத்தது.

அந்த வழக்கில் நீதிபதி, அரசு வக்கீல் சொன்னதை வைத்து நான் முடிவெடுக்கவில்லை, குற்றவாளியின் பின்னணியைப் பற்றி நீதிமன்றத்துக்குத் தரப்படும் புரொபேஷன் அறிக்கையே போதும் என்று வெளிப்படையாகவே சொன்னார். அவர் சொன்னதை உச்ச நீதிமன்றம் சந்தேகிக்கவும் இல்லை. அப்படியிருந்தும் தலைமை நீதிபதி வாரன் பர்கர் கீழ் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்து வழக்கைத் திருப்பி அனுப்பினார். ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு அரசு வழக்கறிஞரின் வாக்குறுதி கணிசமான காரணமாக இருந்தால், அந்த வாக்குறுதி நிறைவேற்றப்பட்டே ஆகவேண்டும் என்று எழுதினார். தவறு வேண்டுமென்று நடந்ததா, மறதியா என்பது பொருட்டில்லை. ஆள் மாறிவிட்டது என்பதும் சாக்கு இல்லை. ஓர் அலுவலகத்தின் வலது கை செய்வது இடது கைக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது. பரிகாரமாக இரண்டு வழி காட்டினார்கள்: வேறு நீதிபதி முன்னால் ஒப்பந்தப்படி புதிதாகத் தண்டனை விசாரணை, இல்லையென்றால் ஒப்புதலைத் திரும்பப் பெற அனுமதி.

ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. "வாக்கைக் காப்பாற்ற வேண்டுமா?" என்ற கேள்விக்கு எப்போதோ பதில் வந்துவிட்டது. காப்பாற்றுவது என்றால் என்ன என்பதில்தான் நீங்கள் நழுவுகிறீர்கள்.

உங்கள் தரப்பில் சொல்வதற்கும் விஷயம் இருக்கிறது, மறைக்கவில்லை. 1984-ல், ஒப்புதல் நீதிமன்றத்தில் பதிவாகும் முன் அரசு தன் பேரத்தைத் திரும்பப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சரி. 1985-ல் பெஞ்சிமோல் வழக்கில், பரிந்துரைப்பதாகச் சொன்ன வக்கீல் அதை உற்சாகத்தோடு சொல்லவேண்டும் என்றோ காரணம் விளக்கவேண்டும் என்றோ ஒப்பந்தத்தில் இல்லாதபோது கட்டாயப்படுத்த முடியாது என்றது. அதுவும் சரி. எங்களுக்கு உற்சாகம் வேண்டாம். இரண்டு வரி முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால்கூட இந்த மடல் வந்திருக்காது. நீதிபதி உண்மையைக் கேட்டால் உண்மையைச் சொல்லும் கடமை உங்களுக்கு உண்டு என்பதும் தெரியும். ஆனால் அந்த மின்னஞ்சலை யாரும் கேட்கவில்லை. அது புரொபேஷன் அறிக்கையில் ஏற்கெனவே இருந்தது. "எங்களைக் கட்டிப்போட்டிருக்கிறது" என்பது எந்தக் கேள்விக்கும் பதிலும் இல்லை. எங்கள் மனசு இதில் இல்லை என்று நீதிபதிக்குக் காட்டிய கண்ஜாடை அது. சொல்லைக் காப்பாற்றிப் பொருளைக் கவிழ்ப்பதும் ஒப்பந்த மீறல்தான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் பல வழக்குகளில் சொல்லியிருக்கின்றன. உங்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும்.

அப்படியானால் மேல்முறையீட்டில் ஜெயித்திருக்க வேண்டுமே? இங்கேதான் எனக்குக் கோபம் அதிகம்.

அந்த இருபது நிமிடமும் தம்பியின் வக்கீல் எழுந்து "இது ஒப்பந்த மீறல்" என்று சொல்லவில்லை. நீதிமன்றம் அமர்த்தித் தந்தவர், நல்ல மனிதர், கெட்டிக்காரரும்கூட. அன்றைக்கு ஏன் எழவில்லை என்று பின்னால் கேட்டேன். நீதிபதியின் எதிரில் சண்டை போட்டால் இன்னும் கெட்டுவிடுமோ என்று பயந்தேன் என்றார். அந்தத் தயக்கத்துக்கு விலை இருக்கிறது. 2009-ல் பக்கெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் ஒரு விதி வகுத்தது. அரசு ஒப்பந்தத்தை மீறியபோது அங்கேயே ஆட்சேபிக்காதவர், மேல்முறையீட்டில் அந்தப் பிழை வெளிப்படையானது என்பதோடு, அதனால் தன் தண்டனை மாறியிருக்கக்கூடும் என்பதையும் காட்டவேண்டும். பக்கெட் மீது இரக்கம் வருவது கடினம். ஒப்புக்கொண்டபின் சிறையில் இருந்தபடியே இன்னொரு மோசடியில் கை வைத்தவர். ஆனால் அவரை வைத்து எழுதிய விதி என் தம்பிக்கும் பொருந்துகிறது.

உங்கள் அலுவலகம் மேல்முறையீட்டில் அந்த விதியைத்தான் கேடயமாகப் பிடித்தது. மீறவில்லை என்று ஒரு பக்கம் எழுதினீர்கள். மீறியிருந்தாலும் ஆட்சேபிக்காதது அவர்கள் தவறு என்று ஆறு பக்கம் எழுதினீர்கள். அந்த விகிதத்தைப் பார்த்தாலே எது உண்மை என்று தெரிந்துவிடுகிறது. நீதிமன்றம் உங்கள் வாதத்தை ஏற்றது. ஃபெடரல் சிறையில் பரோல் கிடையாது. நன்னடத்தைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 54 நாள் கழியும். மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தபோது அவன் வெளியே வர நான்கு மாதம் இருந்தது. அந்த ஆறு மாத வித்தியாசத்தில் அவன் மகள் நடக்கப் பழகினாள். இதை எழுதவேண்டாம் என்றுதான் நினைத்தேன். இருக்கட்டும்.

இப்போது தராசின் மறுதட்டைப் பாருங்கள். வாக்கை மீறுவது எதிராளியாக இருந்தால் சட்டம் எப்படி நடந்துகொள்கிறது? அரிசோனாவில் ஆடம்சன் என்பவர், 1976-ல் டான் போல்ஸ் என்ற பத்திரிகையாளர் வெடிகுண்டு வைத்துக் கொல்லப்பட்ட வழக்கில் மாட்டியவர். மற்ற இருவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறேன், என்னை இரண்டாம் நிலைக் கொலைக்குத் தண்டியுங்கள் என்று ஒப்பந்தம். சாட்சி சொன்னார்; இருவருக்கும் தண்டனை கிடைத்தது. அந்தத் தண்டனைகள் மேல்முறையீட்டில் ரத்தாகி மறுவிசாரணை வந்தபோது, என் கடமை முடிந்தது, மறுபடி சொல்லவேண்டுமென்றால் புதிய ஒப்பந்தம் வேண்டும் என்றார். ஒப்பந்தத்தை அவர் படித்த விதம் அது. நீதிமன்றம் வேறு விதமாகப் படித்தது. பின்னால் சாட்சி சொல்லத் தயார் என்று இறங்கிவந்தும் அரசு ஏற்கவில்லை. முதல் நிலைக் கொலை வழக்கு திரும்ப வந்தது, மரண தண்டனை கிடைத்தது. ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரணை என்ற தடை இங்கே பொருந்தாது என்று 1987-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கில் சொன்னது. அந்த மரண தண்டனை பின்னாளில் வேறு காரணங்களால் நிலைக்கவில்லை. ஆடம்சனுக்காக நான் அழவில்லை, அவர் செய்தது கொலை. ஆனால் குற்றவாளி ஒப்பந்தத்தைத் தவறாகப் படித்தால் உயிரே போகும் என்கிறீர்கள். அரசு வக்கீல் மீறினால் "அதனால் உனக்கு என்ன நஷ்டம், நிரூபி" என்கிறீர்கள். அம்மாவுக்கு இதை மொழிபெயர்த்துச் சொல்ல எனக்குத் துணிவு இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், கொஞ்சம் சங்கடத்தோடு. 2021-ல் பென்சில்வேனியாவின் உச்ச நீதிமன்றம் நடிகர் பில் காஸ்பியின் தண்டனையை ரத்து செய்தது. வழக்குத் தொடரமாட்டேன் என்று 2005-ல் ஒரு மாவட்ட வழக்கறிஞர் பத்திரிகை அறிக்கை விட்டார், அதை நம்பி காஸ்பி சிவில் வழக்கில் வாக்குமூலம் தந்தார், பிறகு வந்த வழக்கறிஞர் அதை வைத்தே வழக்கு போட்டது அநியாயம் என்பது அடிப்படை. காஸ்பியால் பாதிக்கப்பட்டதாகச் சொன்ன பெண்களை நினைத்து அந்தத் தீர்ப்பு வந்த நாளில் எனக்கு வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது. அது மாநில வழக்கு, உங்களுடையது இல்லை என்பதும் தெரியும். ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது: முறையான ஒப்பந்தமே இல்லாத ஒரு பத்திரிகை அறிக்கை பின்னால் வந்தவரைக் கட்டுப்படுத்துமென்றால், இரு தரப்பும் கையெழுத்திட்டு நீதிபதி முன் படிக்கப்பட்ட பதினான்கு பக்கம் ஏன் கட்டுப்படுத்தவில்லை? ஆட்சேபிக்க வேண்டிய நொடியில் ஆட்சேபிக்கும் வக்கீல் படை யாரிடம் இருக்கிறது என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் தெரியவில்லை.

ஃபெடரல் நீதிமன்றங்களில் குற்றத் தீர்ப்புகளில் 97 விழுக்காடும் மாநிலங்களில் 94 விழுக்காடும் ஒப்புதலால் வருபவை என்று 2012-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி கென்னடி எழுதினார். விசாரணை என்பது சினிமாவில் வருவது. நிஜத்தில் நடப்பது உங்கள் மேசைமீது நடக்கும் இந்தப் பேரம்தான். அந்தப் பேரத்தில் எங்களிடம் இருப்பதை எல்லாம் முதல் நாளே வாங்கிக்கொள்கிறீர்கள். நீங்கள் தரவேண்டியதை மட்டும் ஏழு மாதம் கழித்து, வேறொருவர் கையால் தருகிறீர்கள்.

தம்பிக்காக எதையும் கேட்கவில்லை, அவன் வெளியே வந்துவிட்டான். அடுத்து கையெழுத்துப் போடப்போகும் வீடுகளுக்காகக் கேட்கிறேன்.

ஒப்பந்தம் பேசிய வழக்கறிஞரே தண்டனை நாளில் வந்து நிற்கட்டும். முடியாது என்றால், பொறுப்பேற்பவர் ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொண்டதாகவும் அதன்படி நடப்பதாகவும் விசாரணைக்கு முன்பே எழுத்தில் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவேண்டும். இதற்கு அரைப் பக்கம் போதும்.

ஒரு தண்டனையைப் பரிந்துரைப்பதாக எழுதினால், அந்தத் தண்டனை ஏன் தகும் என்று ஒரு காரணமாவது சொல்லுவோம், அதற்கு எதிராக நாங்களாக எதையும் கிளப்பமாட்டோம் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பெஞ்சிமோல் வழக்கு கேட்டது அதைத்தானே: எழுதியிருந்தால் கட்டுப்படுத்தும் என்பதை. எழுத மனமில்லை என்றால் பரிந்துரைப்பதாகச் சொல்லி ஆசை காட்டாதீர்கள். அல்லது நீதிபதி ஏற்றால் அவரையும் கட்டுப்படுத்தும் வகை ஒப்பந்தம் உங்கள் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது, விதி 11-ல் மூன்றாவது வகை. அதை இன்னும் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

புதிதாக ஏதோ தெரியவந்து ஒப்பந்தப்படி நடக்கமுடியாத நிலை வந்தால், தண்டனை நாளுக்கு இரண்டு வாரம் முன்னதாக எழுத்தில் சொல்லுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் தூங்கி எழுந்து யோசித்து ஆட்சேபிக்க நேரம் வேண்டும். அந்த நொடியில் எழவில்லை என்பதையே பிறகு ஆயுதமாக எடுக்கப்போகிறீர்கள் என்றால் அந்த நொடி எப்போது வரும் என்றாவது முன்கூட்டிச் சொல்லவேண்டும்.

மேல்முறையீட்டில், உங்கள் அலுவலகம் ஒப்பந்தத்தை மீறியது உண்மை என்று உங்களுக்கே தெரியும்போது, ஆட்சேபிக்கவில்லை என்ற வாதத்தை எடுக்காதீர்கள். தவறை ஒப்புக்கொள்ள எந்தச் சட்டமும் உங்களைத் தடுக்கவில்லை. வேறு நீதிபதி முன் மறுபடி தண்டனை விசாரணை நடக்கட்டும் என்று நீங்களே சொல்லலாம். ஒப்புக்கொள்ளச் சொல்லி எங்களிடம் நீங்கள் கேட்டதும் அதைத்தான்.

கடைசியாக, ஒப்பந்தத்தோடு ஒரு பக்கம் சேருங்கள், குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்பம் பேசும் மொழியில்: அரசு எதைச் செய்வதாக வாக்குக் கொடுக்கிறது, எதைக் கொடுக்கவில்லை. பதினொரு மணிக்கு ஒரு அக்கா தன் அம்மாவிடம் உங்கள் சார்பில் வாக்குக் கொடுக்கும் நிலை வரக்கூடாது.